பந்து படும் பாடு

பழவேற்காட்டுக்குப் போய்ப் பூநாரையைப் பார்க்காமல் திரும்பி வந்த மனிதன் இந்தப் பூவுலகில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். மாசி மாதத்து மாலை நேரம். ஏரியின் ஆழமில்லாத பக்கத்தில் அந்தப் பறவைகள் வெண்மையும் ரோஜா நிறமுமாக ஆயிரக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். படகோட்டி மூன்று முறை வந்து கூப்பிட்டான். "வெளிச்சம் போய்விடும், ஐயா" என்று எச்சரிக்கையும் செய்தான். நாங்கள் அசையவில்லை. கரையில் ஒரு பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது ஒரு காரணம். அந்தப் பந்தாட்டத்தை முன்னிட்டு எனக்கும் என் நண்பருக்கும் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

நண்பர் கண்டியில் பிறந்து கண்டியிலேயே படித்த தமிழர். இலங்கையில் ரக்பி ஆட்டத்துக்கு உள்ள செல்வாக்கு நம் நாட்டில் பலருக்குத் தெரியாது. கண்டி டிரினிட்டி கல்லூரிக்கும் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் 1945-ஆம் வருஷத்தில் தொடங்கிய பிராட்பி கேடயப் பந்தயம் என்றால் அங்கே அது ஒரு திருவிழா. கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துக் கேடயத்தைக் கொடுப்பார்கள். தலை நரைத்த டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரிக் கொடியைத் தூக்கிக்கொண்டு சிறு பிள்ளைகளைப் போல் குதிப்பார்களாம். நம் நண்பரும் அப்படிக் குதிக்கிறவர்களில் ஒருவர். மற்றச் சமயங்களில் மிகவும் சாது.

அவர் பழவேற்காட்டுக்கு வந்தது டச்சுக்காரர்களின் சமாதிகளைப் பார்ப்பதற்காக. 1613-இல் அவர்கள் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. சமாதித் தோட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே வருகிறவனை "நீயும் ஒரு நாள் இப்படித்தான்" என்று உபசரிக்கும் வாயில் வேறெங்கும் நான் கண்டதில்லை. அதைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்தபோதுதான் ஆட்டம் எங்களைப் பிடித்து நிறுத்திவிட்டது.

இரண்டு மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். குப்பங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். கோல் கம்பத்துக்குச் சவுக்குக் கழிகள். மேலே குறுக்குக் கம்பம் கிடையாது. பின்னால் வலையும் கிடையாது. வலைக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் மீன் பிடிக்கிற வலையைப் பந்து பிடிக்கக் கொடுக்க எந்த மீனவருக்கு மனம் வரும்? மத்தியஸ்தர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். அவரிடம் ஊதுகுழல் இல்லை. தோளில் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தால் ஆட்டம் நிற்கும். மறுபடி தோளுக்குப் போனால் ஆட்டம் நடக்கும். கரையோரத்தில் நாலைந்து ஸ்திரீகள் இறாலைப் பெரிசு சின்னதாகப் பிரித்துக்கொண்டே ஒரு கண்ணை ஆட்டத்தின் மேல் வைத்திருந்தார்கள்.

ஒரு பையன் தடுக்கி விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறினான். பெரியவர் துண்டை எடுக்கவில்லை. பையன் ஒரு நிமிஷம் மணலில் புரண்டு பார்த்தான். ஒருவரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்து ஒரு முயலைப் போல் ஓடினான்.

"பார்த்தீர்களா? இதுதான் உங்கள் கால்பந்து. ஆட்டம் பாதி, நாடகம் பாதி!" என்றார் கண்டி நண்பர்.

வாக்குவாதம் அங்கே பிறந்தது.

ரக்பி ஆட்டத்தைப் பார்த்திராத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சடுகுடுவையும் மல்யுத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, அதன் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பந்தை எறிந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். கட்சிக்குப் பதினைந்து பேர். எண்பது நிமிஷம் ஆட்டம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது. பின்னால் வருகிறவனிடம்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவனை எதிரி கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். தோளுக்கு மேலே மட்டும் கை போகக் கூடாது. 'ஸ்க்ரம்' என்று ஒன்று உண்டு. கட்சிக்கு எட்டுப் பேர் குனிந்து தோளோடு தோள் கோத்து, எருமைக் கூட்டம் போல் ஒருவரையொருவர் நெட்டித் தள்ளுவார்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் "போலீஸைக் கூப்பிடுங்கள்!" என்றுதான் சொல்வார்கள்.

கால்பந்தும் ரக்பியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பாகம் பிரித்துக்கொண்டது 1863-ஆம் வருஷத்தில். லண்டனில் கால்பந்துச் சங்கம் ஸ்தாபிதமானபோது ஒரு பெரிய தகராறு எழுந்தது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமா என்பது ஒரு கேள்வி. எதிரியின் முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்றே உதைக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. கூடாது என்று சங்கம் விதி செய்தது. பிளாக்ஹீத் கிளப்பின் பிரதிநிதிக்கு அது பொறுக்கவில்லை. உதையை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் வீரமே போய்விடும், ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டி வந்தால்கூட உங்களை ஜயித்துவிடலாம் என்ற பொருள்பட வாதாடிவிட்டு, அவருடைய கிளப் வெளியேறியது. 1871-இல் ரக்பிக்காரர்கள் தனியாகச் சங்கம் அமைத்தார்கள். அமைத்தவுடன் அவர்களே அந்த உதையைத் தடை செய்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. எந்த உதைக்காகக் குடும்பம் பிரிந்ததோ அந்த உதை இரண்டு வீட்டிலும் இல்லை!

நண்பரின் கட்சி இதுதான்: ரக்பியில் அடிதடி மிகுதி, ஆனால் அது விதிக்குள் அடங்கிய அடிதடி. அங்கே மத்தியஸ்தர் சொன்னால் சொன்னதுதான். அவரிடம் பேசும் உரிமை தலைவன் ஒருவனுக்குத்தான். அவனும் "ஐயா" என்று மரியாதையோடுதான் பேச வேண்டும். யாராவது முணுமுணுத்தால் தண்டனை உதையை இன்னும் பத்து மீட்டர் முன்னால் தள்ளி வைத்துவிடுவார். பெரிய பந்தயங்களில் மத்தியஸ்தரின் சட்டையில் ஒலிவாங்கி பொருத்தியிருக்கும். அவர் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களும் கேட்கலாம். நைஜல் ஓவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு மத்தியஸ்தர், வாயாடிய ஓர் ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, இது கால்பந்து அல்ல என்று நினைவூட்டியது உலகப் பிரசித்தம்.

கால்பந்தில் நிலைமை வேறு. மத்தியஸ்தர் ஊதினால் பதினொரு பேரும் ஈ மொய்ப்பது போல் அவரை மொய்த்துக்கொள்வார்கள். 2006-ஆம் வருஷத்து உலகக் கோப்பையில், நியூரம்பர்க் நகரில், போர்த்துகலும் ஹாலந்தும் ஆடிய ஓர் ஆட்டத்தில் மத்தியஸ்தர் 16 மஞ்சள் சீட்டும் 4 சிவப்புச் சீட்டும் காட்ட வேண்டியிருந்தது. அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில், அந்தத் தலைமுறையின் மகா கலைஞரான ஜிதேன் எதிராளியின் மார்பில் தலையால் முட்டிவிட்டு வெளியேறினார். 2010 இறுதி ஆட்டத்தில் ஹாலந்துக்காரர் ஒருவர் ஸ்பெயின்காரர் ஒருவரின் நெஞ்சில் காலை வைத்தே உதைத்தார். மஞ்சள் சீட்டோடு தப்பினார்.

"பாவம், டச்சுக்காரர்களுக்கு இந்த ஊர்க் கோட்டை போன துக்கம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது" என்றேன். நண்பர் சிரிக்கவில்லை. ரக்பியைப் பற்றிப் பேசும்போது அவர் சிரிப்பதில்லை.

நியாயத்தை மறைப்பானேன்? இந்த அம்சத்தில் அவர் சொன்னது சரி என்றே ஒப்புக்கொண்டேன். கால்பந்துக்காரர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்களே! 2024-இல் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் பந்தயத்தில், தலைவன் ஒருவன்தான் மத்தியஸ்தரை அணுகித் தீர்ப்புக்கு விளக்கம் கேட்கலாம் என்று கட்டளையிட்டார்கள். நூற்றறுபது வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டு வழக்கத்தைத் தம்பி வீட்டில் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் நண்பர் அதோடு நிற்கவில்லை. வேடிக்கை பார்க்க வருகிற ஜனங்களைப் பற்றி ஆரம்பித்தார். ரக்பி மைதானத்தில் இரண்டு கட்சி அபிமானிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கையில் பீர் இருந்தாலும் கலகம் இராது. கால்பந்திலோ, இங்கிலாந்தில் இரண்டு கட்சியாரையும் புலியையும் ஆட்டையும் போலப் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மது அருந்தக் கூடாது என்று 1985-இல் சட்டமே செய்தார்கள். "கால்பந்து கனவான்களின் ஆட்டம், அதை ஆடுகிறவர்கள் போக்கிரிகள், ரக்பி போக்கிரிகளின் ஆட்டம், அதை ஆடுகிறவர்கள் கனவான்கள்" என்ற பழைய வசனத்தையும் எடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. காரணம் சொல்கிறேன்.

1980-ஆம் வருஷத்தில் நான் கல்கத்தாவில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆகஸ்டு 16-ஆந் தேதி ஈடன் தோட்டத்தில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆட்டம். மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் மூண்ட தகராறு பார்வையாளர் மேடைக்குத் தாவிற்று. கல் பறந்தது, நெரிசல் ஏற்பட்டது, 16 பேர் மாண்டு போனார்கள். அன்றிரவு எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் ரேடியோ பாடவில்லை. மீன் கடையில்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. வங்காளத்தில் மீன் கடை மௌனமாயிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே வசித்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அந்தத் தேதியில் கல்கத்தாவில் இரத்த தானம் செய்வது வழக்கமாயிற்று. ஆகையால் கால்பந்து ஜனங்களின் வெறி எனக்குத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல வேண்டாம்.

ஆனாலும் 'கால்பந்து ரசிகன் போக்கிரி' என்ற பேச்சில் ஒரு விஷம் இருக்கிறது. அந்த விஷம் உயிர்களை வாங்கியிருக்கிறது. 1964-இல் பெரு தேசத்தின் லீமா நகரில் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒரு கோல் செல்லாது என்று மத்தியஸ்தர் சொன்னதும் மைதானத்தில் கலவரம் எழுந்தது வாஸ்தவம். ஆனால் அத்தனை பேரைக் கொன்றது கலவரமா? போலீஸார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஜனங்கள் வெளியே ஓடினார்கள். படிக்கட்டின் அடியில் கதவுகள் பூட்டிக் கிடந்தன. ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, 2022-இல் இந்தோனேஷியாவில் கஞ்சுருஹான் மைதானத்தில் அதே கதை: அதே கண்ணீர்ப்புகை, அதே நெரிசல், 135 பிணங்கள். 1989-இல் இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நசுங்கியவர்களில் இறந்தோர் தொகை முடிவில் 97 ஆயிற்று. குடிகாரக் கும்பல் தங்களுக்குத் தாங்களே தேடிக்கொண்ட முடிவு என்று பத்திரிகையும் போலீஸும் பழி சுமத்தின. அந்தப் பழி பொய், ஜனங்கள்மீது குற்றமில்லை என்று விசாரணை ஜூரிகள் தீர்ப்புச் சொன்னது 2016-இல். இருபத்தேழு வருஷம் அந்தத் தாய்மார்கள் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள். ஏழை ஜனங்கள் பார்க்கும் ஆட்டமாயிருந்தால் முதலில் கதவைப் பூட்டுகிறார்கள். பிறகு பழியைப் போடுகிறார்கள்.

"சரி ஐயா, ரக்பியில் அப்படி ஏதாவது உண்டா, சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

உண்டு. அதுவும் நம் ஊர் வெள்ளியிலிருந்தே தொடங்கலாம். 1870-களில் கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி கிளப் வைத்திருந்தார்கள். சில வருஷத்தில் ஆள் சேராமற் போயிற்று. இலவசமாக மது வழங்குவதை நிறுத்தியதும் அங்கத்தினர்கள் குறைந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வீர விளையாட்டுக்கும் விக்கிரமாதித்தன் வேதாளம் போல் ஏதாவது ஒன்று தோளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 1878-இல் கிளப்பைக் கலைத்து, பாங்கியில் மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று நாகப் பாம்புகள் கைப்பிடி. மூடிமேல் ஒரு யானை. அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான் 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடி வருகின்றன. இந்திய வெள்ளி; ஆனால் இந்தியாவுக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லை!

1988-இல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் குடித்துவிட்டு அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு பிரின்ஸஸ் வீதியில் உதைத்து விளையாடினார்கள். நாகமும் யானையும் நசுங்கிப் போயின. ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை. ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஓர் ஆட்டத் தடை. குப்பத்துப் பையன் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் 'போக்கிரி' என்போம். கனவான் செய்தால் 'விளையாட்டுத்தனம்' என்கிறோம்.

அந்த ரிச்சர்ட்ஸ் பிற்பாடு பயிற்சியாளரானார். 2009-இல் அவருடைய ஹார்லிக்வின்ஸ் குழு ஐரோப்பியப் பந்தயமொன்றில் லீன்ஸ்டர் குழுவோடு ஆடியது. காயம்பட்டு இரத்தம் வடிந்தால்தான் அந்தச் சமயத்தில் வேறொரு ஆட்டக்காரரை உள்ளே விடலாம். என்ன செய்தார்கள் தெரியுமா? சாயம் நிரப்பிய மாத்திரை ஒன்றை ஆட்டக்காரர் வாயில் வைத்துக் கடித்து, இரத்தம் என்று வெளியே வந்துவிட்டார். புரளி வெளிப்பட்டுவிடுமோ என்று பிறகு உதட்டை நிஜமாகவே கீறி வைத்தார்கள். ரிச்சர்ட்ஸுக்கு மூன்று வருஷத் தடை கிடைத்தது. காலைப் பிடித்துக்கொண்டு மணலில் புரண்ட நமது குப்பத்துப் பையன் இவர்களுக்கு முன் ஒரு மகாத்மா அல்லவா?

ஜனங்களின் நடத்தையையும் பார்ப்போம். 1981-இல், வெள்ளை வெறி தாண்டவமாடிய தென்னாப்பிரிக்காவின் ரக்பிக் குழு நியூசிலாந்துக்கு வந்தது. நிறபேத ஆட்சியின் பிரதிநிதிகளோடு ஆடக் கூடாது என்று நூற்றுக்கணக்கானவர்கள் ஜூலை 25-ஆந் தேதி ஹாமில்டன் மைதானத்தின் நடுவே புகுந்து கை கோத்து நின்றார்கள். ஆட்டம் ரத்தாயிற்று. அப்பொழுது அந்தச் சாது ரக்பி ஜனங்கள் என்ன செய்தார்கள்? பாட்டில்களை எறிந்தார்கள், வெளியே வந்தவர்களை அடித்தார்கள். மரியாதை என்பது தன் சாதிக்காரனோடு பக்கத்தில் உட்கார்ந்து பீர் குடிப்பது மட்டும்தானா? அந்தத் தென்னாப்பிரிக்காவிலேதான் முன்னொரு காலத்தில் சத்தியாக்கிரகிகளின் பெயரால் இந்தியர்கள் கால்பந்துக் குழுக்கள் வைத்து ஆடினார்கள்; காந்திஜி அவற்றில் சிரத்தை காட்டினார்.

கடைசியாக, அடியைப் பற்றி ஒரு வார்த்தை. விதிக்கு உட்பட்ட அடி என்றால் மூளைக்குத் தெரியுமா? 2003-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்துக் குழுவில் ஆடிய ஸ்டீவ் தாம்ப்ஸன், அந்த வெற்றி தமக்கு நினைவே இல்லை என்று 2020-இல் சொன்னார். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறதி நோய். அவரைப் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ரக்பிச் சங்கங்கள்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். உலகமெல்லாம் பார்த்த வெற்றியை ஆடியவர் மட்டும் பார்க்கவில்லை என்றால் அதைவிடக் கொடுமை வேறென்ன?

நண்பர் பதில் சொல்லவில்லை. தாம்ப்ஸனின் ஆட்டத்தை அவர் பார்த்தவர்.

நாங்கள் இப்படி மௌனமாய் இருந்தபோதுதான் மைதானத்தில் 'ஹோ' என்று சத்தம் எழுந்தது. வடக்கே ஆடிய குப்பத்தின் பையன், பதினான்கு வயதிருக்கும், கறுத்த ஒல்லியான பிள்ளை, மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் வெறுங்காலால் அடித்தான். பந்து இரண்டு கழிகளுக்கும் நடுவே பறந்தது. இவர்கள் "கோல்!" என்றார்கள். அவர்கள் "கழி உயரத்துக்கு மேலே போயிற்று" என்றார்கள். மேலே குறுக்குக் கம்பம் இல்லாத இடத்தில் இந்த வியாஜ்யத்தை எந்த ஹைக்கோர்ட்டு தீர்க்கும்? கரையிலிருந்த வாலிபர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். ஒருவர் கையில் துடுப்பு இருந்தது. எனக்கு 1980 ஞாபகம் வந்தது.

இறால் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். கையிலிருந்த கூடை நடுங்கிற்று.

"என்ன அம்மா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் இப்படித்தான் ஐயா ஆயிற்று. ஒரு பையன் வாயில் அடி. அப்புறம் பெரியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்று மாதம் இந்தக் கரையும் அந்தக் கரையும் பேச்சு இல்லை. என் பெண்ணை அங்கேதான் கொடுத்திருக்கிறேன். பிள்ளை பெற்றாள், நான் போய்ப் பார்க்கவில்லை."

பந்தாட்டத்தில் பட்ட அடி மூன்று மாதம் வலிப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு இந்த ஏரியின் வாழ்வைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். முகத்துவாரத்தை அடுத்த நீரில்தான் இறால் நன்றாகக் கிடைக்கும். எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் ஒருவருக்கும் கிடைக்காது. ஆகவே பட்டினவர் குப்பங்கள் சில தலைமுறை தலைமுறையாக 'பாடு' என்ற முறையை வைத்திருக்கின்றன. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். சீட்டில் வந்த இடம் நல்லதோ கெட்டதோ, அதற்கு மேல் பேச்சில்லை. இதைக் கேட்ட கண்டி நண்பர் திடுக்கிட்டார். நீர்கொழும்புக் களப்பிலும் கட்டு வலைக்காரர்கள் மாதா கோவில் சங்கங்களின் மூலமாக இப்படித்தான் சீட்டெடுக்கிறார்களாம்! இரண்டு கரை மீனவருக்கும் எந்த மகாநாடும் கூட்டாமல் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது.

பாட்டையும் நான் புகழ்ந்துகொண்டே போவதற்கில்லை. சீட்டில் பெயர் உள்ளவனுக்குத்தான் அது நியாயம். பெயர் இல்லாத குப்பத்தார் தங்களுக்கும் பங்கு வேண்டுமென்று கேட்டதும், அதனால் மோதல்கள் விளைந்ததும் உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் இரண்டு மாகாணத்து மீனவருக்குள்ளும் தகராறு வந்திருக்கிறது. மத்தியஸ்தருக்குக் கட்டுப்படு என்று ஆட்டத்தில் சேர்க்கப்பட்டவனிடம் சொல்லலாம். வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடம் சொல்ல முடியுமா? 1911-இல் மோகன் பகானின் பிள்ளைகள், பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்ற கணக்கில் ஜயித்துக் கேடயத்தை எடுத்தார்களே, அன்றைக்கு மைதானத்துக்குள் புக முடியாத ஜனங்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம். மைதானத்தின் விதிகளெல்லாம் பட்டாளத்தாரின் விதிகள். நம் பிள்ளைகள் அவற்றுக்கு உட்பட்டே ஆடி வென்றார்கள். ஆனால் முதலில் அவர்களை உள்ளே விட வேண்டியிருந்ததல்லவா?

இருக்கட்டும்; மைதானத்துக்குத் திரும்புவோம்.

பெரியவர் துண்டைக் கையில் எடுத்தார். அவசரப்படவில்லை. நடந்து போய்ப் பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். துடுப்பு வைத்திருந்த வாலிபனைப் பார்த்து ஏதோ சொன்னார். அது எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் துடுப்பைத் தாழ்த்தினான். பிறகு பெரியவர் கழிகளின் பக்கம் திரும்பி, கையை ஆட்டி, "இல்லை" என்றார். கோல் இல்லை.

வடக்குக் குப்பத்துப் பையன் மணலில் உட்கார்ந்து அழுதான். இது நாடகமல்ல. ஆனால் எழுந்து வந்து பெரியவரைச் சூழ்ந்துகொள்ளவில்லை. அவனுடைய கட்சிக்காரர்களும் வரவில்லை. துண்டு தோளுக்குப் போயிற்று. ஆட்டம் நடந்தது.

"கோல்தான்" என்றார் கண்டி நண்பர் மெதுவாக. "கழியின் நுனிக்கு ஒரு முழம் கீழே போயிற்று. நான் நன்றாகப் பார்த்தேன்."

நானும் பார்த்திருந்தேன். அன்று சாயங்காலம் முழுவதிலும் நாங்கள் இருவரும் ஒத்துப் போன விஷயம் அது ஒன்றுதான்.

அந்த அம்மாளிடம் போனேன். "அந்தப் பெரியவர் எந்தக் குப்பம்?"

"தெற்குக் குப்பம், ஐயா."

"அதெப்படி? எதிர்க்கட்சிக் குப்பத்து ஆளையா மத்தியஸ்தராக வைத்தீர்கள்?"

"சீட்டுப் போட்டோம். எங்கள் ஊர்ப் பெரியவர் பெயர் ஒன்று, அவர்கள் ஊர்ப் பெரியவர் பெயர் ஒன்று. சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னோம். அவர் பெயர் வந்தது. போன வருஷச் சண்டைக்கு அப்புறம் இப்படித்தான் ஐயா ஏற்பாடு."

"அவர் சொன்னது சரியென்று நினைக்கிறாயா, அம்மா?"

அவள் கூடையிலிருந்த இறாலைக் கிளறிக்கொண்டே சிறிது யோசித்தாள். "கோல்தான் ஐயா. அழுகிறானே, அவன் என் தங்கை மகன்" என்றாள். பிறகு, கேட்காமலே, "ஞாயிற்றுக்கிழமை பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு வருகிறாள்" என்றாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. துடுப்பை வைத்திருந்த வாலிபனே கழிகளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான். நண்பர் அந்த ஒல்லிப் பையனைக் கூப்பிட்டு, கண்டிக்கு வந்தால் ரக்பி கற்றுத் தருவதாகச் சொன்னார். பையன் முட்டைப் பந்தைப் பற்றிய விவரத்தையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அது எப்படி ஐயா நேராக உருளும்?" என்று கேட்டான். நண்பர் விடை சொல்லிக்கொண்டிருக்கையில் படகோட்டி நாலாம் முறையாக வந்தான். இந்த முறை பறவையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையில் விளக்கு இருந்தது.